கேஸ் ட்யூப், சவுக்குக் கம்பு, ஹவாய் செருப்பு

என் பாய்மரப் படகின் சுக்கானை என் கையோடு சேர்த்துப் பிடித்திருப்பது சமையலறை கேஸ் ட்யூப்பின் ஒரு துண்டு. ஆரஞ்சு நிறம், உள்ளே கம்பி பின்னியது, ஐந்து வருடக் கெடு முடிந்ததால் வீட்டில் கழற்றிப் போட்டது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அது எப்படி அங்கே வந்தது என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த ட்யூப் என்ன நீளம் வெட்டினீங்க?" என்று கேட்பார்கள்.

படகு பழைய லேசர். ப்ரூஸ் கிர்பி வரைந்து 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த வகை, இப்போது ஐ.எல்.சி.ஏ என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் கரையில் எல்லோருக்கும் அது இன்னும் லேசர்தான். ஒரு ஆள், ஒரு பாய், 4.2 மீட்டர் நீளம், உடல் மட்டும் 59 கிலோ. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான சென்னை நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதும் இதே உடல்தான், பாய் சற்றுச் சிறியது. அவர் ஓட்டிய படகில் கேஸ் ட்யூப் இருந்திருக்காது.

என்னுடையது மூன்றாவது கையோ நான்காவது கையோ. எந்த பாகம் போனாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பாகத்தின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகம், அதற்குமேல் சுங்கம், அதற்குமேல் காத்திருப்பு. சென்னையில் கடற்காற்று நன்றாக அடிக்கும் மாதங்கள் சிலதான். அதில் மூன்று வாரத்தைத் தபாலுக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஒட்டுவேலை கற்றுக்கொண்டது இந்தப் பேராசையால்தான்.

முதலில் கேஸ் ட்யூப் போட்ட அந்த மூட்டு. சுக்கானைத் திருப்ப ஒரு தண்டு உண்டு, டில்லர். நாம் காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்த்திருப்பதால் கை அதற்கு எட்டாது. அதனால் டில்லரின் முனையில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இன்னொரு குழாய். இரண்டையும் இணைப்பது கட்டைவிரல் அளவு ரப்பர் மூட்டு. வெயிலிலேயே கிடந்து அந்த ரப்பர் வெடித்துக்கொண்டே வரும். நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு மே மாத மதியம், கடற்காற்று நன்றாகப் பிடித்த நேரத்தில், முழுக்கச் சாய்ந்திருந்தபோது அறுந்தது. குழாய் என் கையில், டில்லர் படகில், நான் தண்ணீரில்.

படகை நிமிர்த்தி ஏறினேன். கட்டக் கயிறு இல்லை. பாயின் அடிக்கயிற்றில் நீட்டிக்கொண்டிருந்த வாலை அறுக்கலாம் என்றால் கத்தி இல்லை. கடைசியில் காலில் இருந்த ஷூ லேஸைக் கழற்றி, குழாயின் ஓட்டையிலும் டில்லரின் ஓட்டையிலும் மாற்றி மாற்றி நுழைத்து எட்டுப் போல இறுக்கி, பாயைப் பாதி தளர்த்திக்கொண்டு கரை வந்தேன். அன்றிலிருந்து மிதவை ஜாக்கெட்டின் பையில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது, கயிறு கோத்து ஜாக்கெட்டிலேயே கட்டி. கட்டாத கத்தி இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் கிடக்கின்றன.

கேஸ் ட்யூப் யோசனை அந்த வாரமே வந்தது. ஒரு விரல் நீளத்துக்குச் சற்று அதிகமாக ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். டில்லரின் மேல் நிமிர்ந்து நிற்கும் போல்ட்டில் ஒரு முனையைச் செருகி ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கினேன். மறுமுனை குழாயின் உள்ளே போகிறது, குறுக்காக ஒரு சின்ன போல்ட். அறுத்த இடத்தில் கம்பி முள் முள்ளாக நீட்டும். அதை மடக்கி டேப் சுற்றாவிட்டால் உள்ளங்கை கிழியும், எனக்குக் கிழிந்தது. ட்யூப் எந்தப் பக்கமும் வளைகிறது, ஆனால் முறுக்கினால் விறைப்பாக நிற்கிறது. அந்த மூட்டுக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்து உடைந்தது பெரிது. லேசரின் மாஸ்ட், அதாவது பாயைத் தாங்கும் கம்பம், இரண்டு துண்டு. மேல் துண்டு கீழ்த் துண்டுக்குள் செருகி நிற்கும். செருகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் காலர், அதைப் பிடிக்க ஒரு ரிவெட், ரிவெட்டுக்கு ஒரு ஓட்டை. மாஸ்ட் அதிகமாக வளைகிற இடத்தில் ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் எஃகும் அலுமினியமும் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்துப் போகும் என்பதும் சேர்ந்துகொண்டது. ஒரு பலத்த காற்றில் மடக்கென்று ஒரு சத்தம். பாயின் மேல்பாதி தண்ணீரில் கிடந்தது.

மாஸ்ட் உடைந்தால் படகை விட்டு நீந்தக் கூடாது. கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் சரி. தண்ணீரில் கிடக்கும் பாய் கனமாக இழுக்கும், அதை இழுத்துக்கொண்டு படகு எங்கும் போகாது. நான் பாயை உடைந்த துண்டோடு சேர்த்துச் சுருட்டி மேல்தளத்தில் போட்டுக் கட்டிவிட்டுக் கையை அசைத்தேன். வலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகு பக்கத்தில் வந்தது. ஓட்டியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கயிறு வீசினார். நான் அதை லேசரின் முன்முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் வளையத்தில் கட்டப் போனேன்.

"அதுல கட்டாத தம்பி, புட்டுக்கும். கம்பத்து அடியில கட்டு."

வளையத்தின் வழியாகக் கயிறை விட்டு, மாஸ்ட்டின் அடியில் கட்டினேன். நடுவில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பலகையை, அதாவது டேகர்போர்டை, மேலே தூக்கச் சொன்னார். தூக்காவிட்டால் இழுக்கும்போது படகு வலமும் இடமும் பாய்ந்து கவிழப் பார்க்கும். பின்னால் தள்ளி உட்காரச் சொன்னார். என் படகு மாதிரி ஒன்றில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. மூன்றும் சரி.

கரையில் இறங்கியதும் உடைந்த குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன வயதில் கட்டுமரத்தில் போனவர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தபோது அவரும் மாறியிருக்கிறார். "உள்ள கட்டைய எறக்கு. ரெண்டு முனையையும் பென்சில் மாதிரி சீவிக்கோ" என்றார்.

சவுக்குக் கம்பு எங்கும் கிடைக்கும். இரண்டு அங்குலக் குழாயின் உள்ளே இறுக்கமாகப் போகிற மாதிரி இரண்டடி நீளத்துக்கு இழைத்தேன், இடைவெளிக்கு டேப் சுற்றினேன். முனையைச் சீவவில்லை. ஏன் சீவ வேண்டும், நீளம் அதிகம் இருந்தால் பலம்தானே என்று என் இன்ஜினியர் மூளை சொன்னது. இரண்டு வாரம் மெல்லிய காற்றில் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம் குழாய் மறுபடி மடங்கியது, பழைய உடைப்பில் அல்ல, கட்டையின் மேல்முனை முடிகிற அதே கோட்டில். கட்டை இருக்கும்வரை குழாய் வளையவே இல்லை. கட்டை முடிந்த இடத்தில் மொத்த வளைவும் ஒரே கோட்டில் விழுந்திருக்கிறது. முனையைச் சீவியிருந்தால் விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வளைவு பரவியிருக்கும். கல்லூரியில் படித்த பாடம்தான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "சீவ சொன்னேனே" என்றார், அவ்வளவுதான்.

மேல் துண்டு வளைந்து மட்டும் இருந்து, உடையவில்லை என்றால், கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடுவது லேசர்காரர்களின் பழைய வித்தை. ஓட்டை விழுந்த பலவீனமான முனை மேலே போய்விடும், அங்கே பாரம் குறைவு. என் குழாய் அந்த நிலையைத் தாண்டிவிட்டது. புதிது வாங்கினேன். ஒட்டுவேலையில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்த பணமும் அதில் போயிற்று.

அவரிடம் அதற்குப் பிறகு பல தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். கற்றது பெரும்பாலும் கட்டுவதைத்தான். எனக்கு எது உடைந்தாலும் முதலில் ஸ்க்ரூ, போல்ட் என்றுதான் கை போகும். அவருக்குக் கயிறு. "ஸ்க்ரூ ஒரு எடத்துல புடிக்கும். கயிறு சுத்திப் புடிக்கும்." கட்டுமரம் என்ற பெயரிலேயே அது இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. ஆணி கிடையாது, மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் பிணைப்பார்கள், கரைக்கு வந்ததும் பிரித்துக் காயப் போடுவார்கள். அலை அடித்தால் கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அதனால் தாங்கும்.

கட்டும் முறை இதுதான். உடைந்த இரண்டு பாகத்தையும் சேர்த்துக் கயிறை நெருக்கமாகச் சுற்ற வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். ஒவ்வொரு சுற்றையும் காலால் உதைத்து இறுக்கலாம். கடைசியில் இரண்டு பாகத்துக்கும் இடையே, சுற்றின்மேல் குறுக்காக மூன்று நான்கு சுற்று. உண்மையான இறுக்கம் அந்தக் குறுக்குச் சுற்றில்தான் வருகிறது. குறுக்குச் சுற்று இல்லாத கட்டு அரை மணியில் தளரும். கயிறும் பார்த்து எடுக்க வேண்டும். நைலான் நனைந்தால் நீளும். கரையில் கல் மாதிரி இருந்த கட்டு கடலில் தொளதொளவென்று ஆகிவிடும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. தேங்காய் நார், பருத்தி இரண்டும் நனைந்தால் ஊதி இறுகும்; அந்தக் காலத்துக் கட்டுகளுக்கு அதுவே வசதி. சைக்கிள் ட்யூப்பை விரல் அகலப் பட்டையாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றினால் ஈரத்திலும் வழுக்காது, முடிச்சும் வேண்டாம், முனையைக் கடைசிச் சுற்றின் அடியில் செருகினால் போதும். என் படகில் கயிற்றுக்கு அடுத்தபடி அதிகம் உழைத்தது அதுதான்.

நண்பன் ஒருவனோடு சேர்ந்து ஒரு பருவம் 420 ஓட்டினேன். 4.20 மீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். நம்மூரில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் படகில் நம்பிக்கை வருவது கஷ்டம். அதில் மாஸ்ட்டை இருபக்கமும் கம்பி பிடித்திருக்கும். கம்பியின் அடியில் ஒரு பின், பின் கழலாமல் இருக்க ஒரு வளையம், சாவிக்கொத்து வளையத்தின் குட்டி. அந்த வளையம் பாயின் கயிற்றில் மாட்டி அவிழ்ந்தது. காற்றுப் பக்கத்துக் கம்பி படக்கென்று விட்டது, மாஸ்ட் சாய ஆரம்பித்தது.

இதற்கு ஒரே வைத்தியம்தான், இரண்டு மூன்று விநாடிக்குள் செய்ய வேண்டும்: படகைத் திருப்பிக் காற்றை மறுபக்கம் வாங்குவது. அப்போது பாரம் நல்ல கம்பிக்கு மாறிவிடும். நண்பன் கத்தினான், நான் திருப்பினேன். மாஸ்ட் பிழைத்தது எங்கள் திறமையால் என்று சொல்ல மாட்டேன், காற்று ஒரு கணம் குறைந்தது. பிறகு ட்ரப்பீஸ் கம்பியை, அதாவது முன்னால் இருப்பவர் இடுப்பில் மாட்டித் தொங்கும் கம்பியை, இழுத்து, கழன்ற கம்பி இருந்த இடத்தில் கயிற்றால் கட்டினோம். அதுவும் மாஸ்ட்டில் கிட்டத்தட்ட அதே உயரத்திலிருந்துதான் இறங்குகிறது. அந்தக் கட்டோடு திரும்பினோம். மறுநாள் நண்பனின் ஸ்கூட்டர் சாவி வளையம் படகுக்கு வந்தது, மேலே டேப் சுற்றி. வளையங்களின்மேல் டேப் சுற்றுவதற்கு ஒரு நிமிடம் ஆகும். இப்போது படகில் ஏறுமுன் சுற்றியிருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் கிளம்ப மாட்டேன்.

கம்பியில் ஒரு இழை அறுந்து ஊசி மாதிரி நீட்டினாலும் அதை ஒட்டவோ கட்டவோ முயலாதீர்கள். உள்ளே எத்தனை இழை போயிருக்கிறது என்று வெளியே தெரியாது. மாற்றுவதுதான் வழி. மிதவை ஜாக்கெட்டுக்கும் அப்படித்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள் வேகமாக. படகின் உடலில் புகுந்த தண்ணீரை வடிக்கப் பின்னால் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு திருகு மூடி. அதை மறந்து வராதவர் யாரும் இல்லை. ஹவாய் செருப்பின் அடியிலிருந்து ஒரு துண்டை ஓட்டையைவிடச் சற்றுப் பெரிதாகக் கூம்பு வடிவில் வெட்டி முறுக்கி அடைத்தால் அன்றைய நாள் ஓடிவிடும். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்வதுதான் சிரமம். செருப்பின் மிச்சம் வாஷராக, உரசும் இடத்தில் மெத்தையாக, எத்தனையோ வேலைக்கு ஆகும்.

கால் மாட்டிச் சாயும் பட்டையைப் பின்னால் பிடித்திருப்பது ஒரு மெல்லிய கயிறு. அது தேய்வது அடிப்பக்கத்தில் என்பதால் கண்ணில் படாது. அறுந்தால் தலைகுப்புறக் கடலில்தான். ஒன்றுக்கு இரண்டாக, தனித்தனிக் கயிறாகக் கட்டி வைத்துவிடுங்கள். இது பழுதுபார்ப்பது இல்லை, ஆனால் பழுதுபார்க்கும் வேலையை மிச்சம் பிடிக்கும்.

பாய் கிழிந்தால் எல்லோரும் செய்யும் தவறு, ஈரத்தோடும் உப்போடும் டேப் ஒட்டுவது. ஒட்டவே ஒட்டாது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிக் கழுவி, துடைத்து, காற்றில் காயவிட்டு, இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரிந்துகொண்டு வராது. பாயின் மூலையில் துணி நான்கைந்து மடிப்பு தடிமனாக இருக்கும், வீட்டுத் தையல் மெஷின் ஏறாது. எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். மெழுகு தடவிய நைலான் நூல், கொக்கி ஊசி, மேலும் கீழும் நூல் பூட்டிக்கொள்ளும் தையல். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "இது என்னா சார், பந்தலா?" என்று கேட்டார். பாயின் மற்ற இடமெல்லாம் அதற்குப் பிறகு கிழிந்தது, அந்த மூலை கிழியவில்லை.

உடலில் விரிசல் என்றால் நம் கடற்கரையைப் போல வசதியான இடம் கிடையாது. ஃபைபர் படகுக்கு ரெசின் என்ற இறுகும் பிசினும் கண்ணாடி இழை மேட்டும் போடத் தெரிந்தவர் எந்தக் குப்பத்திலும் இருப்பார். நீங்களே செய்வதானால், விரிசலைச் சுற்றி நன்றாகத் தேய்த்துக் கரடாக்குங்கள், நல்ல தண்ணீரில் கழுவி முழுக்கக் காய வையுங்கள், காலையில் வேலையை முடியுங்கள். மதிய வெயிலில் ரெசின் கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடும். இதில் ஒன்றே ஒன்று விளையாட்டில்லை: ரெசினை இறுக்கும் கேட்டலிஸ்ட்டையும் வேகம் கூட்டும் கோபால்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் அடுத்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சுக்கானே போய்விட்டால்? எனக்கு ஒரு முறை போயிற்று. சுக்கான் கழலாமல் பிடிக்கும் கிளிப்பை அமுக்க மறந்து கவிழ்ந்தேன், நிமிர்ந்தபோது பின்னால் ஒன்றும் இல்லை. ஒட்டவோ கட்டவோ பொருளே இல்லாத பழுது. படகைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்தால் அது காற்றை நோக்கித் திரும்பும், காற்றுப் பக்கமாகச் சாய்த்தால் விலகித் திரும்பும். பாயை இழுத்தால் காற்றை நோக்கி, விட்டால் விலகி. டேகர்போர்டைப் பாதி தூக்கி, பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, உடம்பையே சுக்கானாக்கிக்கொண்டு பாம்பு போல வளைந்து வளைந்து வந்தேன். அமைதியான ஒரு நாளில் கரைக்குப் பக்கத்தில் சுக்கானைத் தூக்கிவிட்டு இதைப் பழகிப் பாருங்கள், கவிழ்ந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இப்போது ஜாக்கெட் பையில் இருப்பவை: கட்டிய கத்தி, இரண்டு மீட்டர் நீளத்தில் 4 மி.மீ. பாலியஸ்டர் கயிறு இரண்டு, சைக்கிள் ட்யூப் பட்டை, குட்டி வளையங்கள் நாலைந்து, உடைந்த பேனாவில் சுற்றிய டேப். பெரிய டூல் பாக்ஸ் ஒன்று வாங்கினேன், அது கரையில் காரில் இருக்கிறது. கடலில் உடையும்போது கார் எப்போதும் கரையில்தான் இருக்கிறது.

ஒட்டுப் போட்ட எல்லாவற்றையும் ஒரு சிவப்பு டேப் ஒட்டி அடையாளம் வைப்பேன், சரியான பாகம் வந்ததும் மாற்ற வேண்டும் என்பதற்காக. சவுக்குக் கட்டை கற்றுக்கொடுத்த வழக்கம். வருடத் தொடக்கத்தில் படகைச் சுற்றி வந்து சிவப்பை எண்ணுவேன். போன முறை ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. டில்லருக்கான புது ரப்பர் மூட்டு வெளிநாட்டிலிருந்து வந்து மேஜை டிராயரில் கிடக்கிறது, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. கேஸ் ட்யூப்பின்மேல் இருந்த சிவப்பு டேப் வெளுத்துப் போயிருந்தது. அதை உரித்துவிட்டுப் புது டேப் ஒட்டினேன்.